கயிற்றை மேலே இழுத்தவள்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பெயர் சொல்ல மாட்டேன், பாவம், முகம் சிவந்துவிடும். "ஞாயித்துக்கெழமகூட இந்த வாலண்டியர் பசங்களுக்கு வகுப்பு எடுக்கணுமாங்க சார்? வர்றாங்க, வண்டி மேல ஏறி போட்டோ எடுத்துக்கறாங்க, சர்டிபிகேட் வாங்கிட்டுப் போயிடறாங்க. இதுல அவங்களுக்குத்தான் என்ன கெடைக்குது?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த டீயைக் குடித்துவிட்டு காந்திபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கும் பாதியில் எழுந்து போய்விடுவேன். தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற ஆள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் முன்னால் பாதிக் கதையில் எழுந்து போனால் நன்றாகவா இருக்கும்? அதனால்தான் எழுதித் தருகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் சொன்னது முழுக்கப் பொய் என்று நானும் சொல்ல மாட்டேன். போட்டோ எடுக்கத்தான் செய்கிறார்கள். ஹெல்மெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு எடுக்கிறார்கள். பாதிப் பேர் இரண்டாவது வாரம் எட்டிப் பார்ப்பதில்லை. சூலூரில் நான் இருந்தபோது ஒரு பையனிடம், தறிக்குடோனில் தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டேன். "உங்களுக்குப் போனைப் போட்டுட்டு, லைவ் போடுவனுங்க" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு அவனைத் திட்டினேன்.

பணியின் கடைசி வருஷங்களில் என்னை வெள்ளகோவில் பக்கம் மாற்றினார்கள். அந்தப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளை நீங்கள் எட்டிப் பார்த்ததுண்டா? பாறையை வெட்டி இறக்கியவை. மழை பொய்த்த வருஷத்தில் தூர் வாருவார்கள். அப்போதுதான் நமக்கு அழைப்பு வரும்.

எனக்கு வேலை பழக்கிய பழைய அதிகாரி ஒருவர் இருந்தார். அதிகம் பேசாதவர். கிணற்று அழைப்பு வந்தால் வண்டியில் ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "உள்ள எத்தனை பேரு?" ஒருத்தர் என்று பதில் வந்தால், "நாம போறதுக்குள்ள மூணாகியிருக்கும்" என்று முனகுவார். எனக்கு ஆத்திரமாக வரும். வாயில் நல்ல வார்த்தையே வராதா இந்த மனுஷனுக்கு என்று நினைப்பேன். போய்ப் பார்த்தால் மூன்றுதான் கிடக்கும்.

ஏன் அப்படி என்று பிறகு புரிந்தது. முதலில் இறங்கியவன் விஷவாயுவில் மயங்கி விழுவான். அண்ணன் விழுந்துவிட்டான் என்று தம்பி இறங்குவான். தம்பியும் எழவில்லை என்று மாமன் இறங்குவார். மேலே நின்று வேடிக்கை பார்த்தான் என்ற பேரை நம்ம ஊரில் எவனும் வாங்கிக்கொள்ள மாட்டான். அந்தப் பேருக்குப் பயந்தே செத்தவர்களை நான் வரிசையாகத் தூக்கி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, விளக்கு. பழைய கிணற்றில் இறங்குமுன் கயிற்றில் ஒரு விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது இங்கே வழக்கம். அணைந்தால் இறங்க மாட்டார்கள், எரிந்தால் இறங்குவார்கள். மூடிக் கிடந்த கிணற்றுக்கு அது ஓரளவு சரிதான். ஆனால் இப்போது தண்ணீர் இறைக்கிறேன் என்று பெட்ரோல் இன்ஜினையே கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுகிறார்களே, அந்தப் புகை தேங்கிய இடத்தில் விளக்கு ஜம்மென்று எரியும். மனுஷன்தான் அணைந்துபோவான். இதை ஒவ்வொரு வகுப்பிலும் நான் கத்திக் கத்திச் சொல்வேன். எரிகிற விளக்கைக் கண்ணால் பார்த்தவனிடம் காற்று கெட்டிருக்கிறது என்று சொன்னால் நம்பவே மாட்டான்.

அப்படி ஒரு வகுப்புக்குத்தான் கௌசல்யா வந்தாள். காங்கயம் போகிற வழியில் ஒரு பனியன் கம்பெனியில் துணியில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை. ஊருக்கு வெளியே இருக்கிற காலனிப் பெண். அப்பா இல்லை. அம்மாவும் அண்ணன் மணியும் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போகிறவர்கள். எதற்கம்மா வந்தாய் என்று கேட்டேன். சேவை செய்ய, நாட்டுக்கு உழைக்க என்று மற்றவர்கள் மேடைப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, போலீஸ் செலக்சனுக்கு இந்த சர்டிபிகேட் உதவும் என்று சொன்னார்கள், அதற்குத்தான் என்றாள். சுற்றி வளைக்காமல் சொன்னதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் குரல் என்று ஒன்று அவளிடம் இல்லவே இல்லை. கூட்டத்தை விலக்கும் பயிற்சியில் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். நம்ம கொங்கு வாய்க்கு அது வருமா? "ஏனுங்க, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றாள். அந்த மரியாதைக்குக் கூட்டம் இன்னும் நெருங்கி வந்து "என்ன கண்ணு?" என்று விசாரிக்கும். எத்தனை முறை சொல்லியும் சத்தம் எழும்பவில்லை. இந்தப் பெண் தேறாது என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு விடுமுறை நாள். கடலைக்காய் பறிக்கும் பருவம். காலைப் பலகாரம் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது நிலையத்துத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"சாருங்க, வகுப்புக்கு வர்ற கௌசல்யா பேசறனுங்க. கெணத்துல ஆள் மயங்கி உழுந்துட்டாங்க. இன்ஜின் ஓடுன கெணறுங்க. வெளக்கு எரியுதுங்க, அதை நம்பி எறங்கப் பாக்கறாங்க. கவுத்தை நான் மேல இழுத்துப்போட்டனுங்க. கொஞ்சம் சீக்கிரம் வாரீங்களா?"

எந்தத் தோட்டம், எந்தப் பாதை என்று கேட்டேன். எங்கே திரும்ப வேண்டும், எந்தப் பாலத்தில் வண்டி நுழையாது என்று தெளிவாகச் சொன்னாள். உள்ளே எத்தனை பேர் என்றேன். "ஒருத்தருங்க" என்றாள். பின்னால் ஒரு பெண் ஓலமிடுவது கேட்டது. ஏதோ அடி விழுந்த சத்தம். தொடர்பு அறுந்துவிட்டது.

வண்டியில் போகும்போது என் பழைய அதிகாரியின் முனகல்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாகியிருக்கும், மூன்றாகியிருக்கும். சத்தமே வராத ஒரு பெண் அத்தனை ஆம்பளைகளை எப்படி நிறுத்தி வைப்பாள்? ஆளைச் சுற்றித் தூக்குகிற விரிப்புத் துணி எத்தனை இருக்கிறது என்று பின்னால் இருந்தவரிடம் கேட்டேன். அவருக்கும் புரிந்தது, மூன்றை எடுத்து வைத்தார்.

போய் இறங்கினால் கடலைக்காட்டு நடுவில் கூட்டம். கடலைக்காய் தூற்றுகிற பெரிய ஃபேனைக் கிணற்று ஓரத்துக்கு இழுத்து வந்து, அதன் வாயில் தார்ப்பாயைக் குழாய்போலச் சுற்றிக் கட்டி, காற்றைக் கிணற்றுக்குள் விட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்காரரின் மகன் பூபதி சட்டையில்லாமல் அந்தத் தார்ப்பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேர் குடம் குடமாகத் தண்ணீரைக் கிணற்றுக்குள் ஓரமாகச் சிதறடித்து, தேங்கிய காற்றைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் வகுப்பில் சொன்னது. எனக்கு ஒரு கணம் நம்ப முடியவில்லை.

கௌசல்யா கிணற்று மேட்டில் கல்தூணைக் கட்டிக்கொண்டு, சுருட்டிய கயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் காய்ந்திருந்தது. அவளுக்கு எதிரே ஒரு அம்மா மண்ணில் புரண்டு, "பாவி, கொன்னுபோட்டியே, கொன்னுபோட்டியே" என்று தரையை அறைந்துகொண்டிருந்தார்.

"உள்ள எத்தனை பேரு?" என்றேன்.

"ஒருத்தர்தானுங்க."

"யாரு?"

"எங்கண்ணனுங்க."

பொய் சொல்லவில்லை தம்பிகளா. இரண்டு வார்த்தைதான் சொன்னாள், அதுவும் ங்க போட்டுத்தான் சொன்னாள். போனில் ஒருத்தர் என்றாளே, அந்த ஒருத்தர் அவள் கூடப் பிறந்தவன். எதிரே புரள்கிறவர் அவளைப் பெற்றவர். அந்த உதட்டைக் கிழித்ததும் அவர்தான். எரிந்த ஆட்களைத் தூக்கியிருக்கிறேன், லாரிக்கு அடியிலிருந்து எடுத்திருக்கிறேன். சர்வீசில் என் கால் தரையில் ஒட்டிக்கொண்டது அன்றைக்கு ஒருநாள்தான். பக்கத்தில் இருந்த நம்ம ஆள் என் தோளைத் தட்டிய பிறகே நினைவு வந்தது.

அவரே மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு நம் கயிற்றில் இறங்கினார். மணி கிணற்றின் அடியில் இல்லை, நடுவில் இன்ஜின் வைத்திருந்த பாறைத் திட்டில் குப்புறக் கிடந்தான். தார்ப்பாய்க் குழாயின் வாய் அவன் தலைக்கு நேராக இருந்தது. ஃபேன் ஓடிய இடத்திலும் நம் ஆள் கருவியைக் கழற்றவில்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டி மேலே தூக்கினோம். அந்தப் புகை விஷம் ஏறி உதடெல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது. மூச்சு இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. ஆம்புலன்ஸ் பையன் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, ஆக்சிஜன் முகமூடியை மாட்டியபடி, "இருக்குதுங்க சார்" என்றான். அந்த அம்மாவின் ஓலம் சட்டென்று நின்றது.

கௌசல்யா அப்போதும் எழவில்லை. "கவுத்தை உட்டுறலாமுங்களா?" என்று என்னைக் கேட்டாள். விடு கண்ணு என்றேன். அவளால் முடியவில்லை. விரல்கள் இறுகிப்போயிருந்தன. நானும் பூபதியும் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டோம்.

நடந்ததை முழுசாகச் சொன்னவர் பூபதிதான். ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னார். காலையில் இன்ஜினைத் திட்டில் இறக்கி ஓட்டியிருக்கிறார்கள். நிறுத்திவிட்டு, குழாயை மாற்றி வைக்க மணி இறங்கியிருக்கிறான். படியெல்லாம் இடிந்துபோன கிணறு, கல்தூணில் கட்டிய கயிறு ஒன்றுதான் வழி. திட்டில் கால் வைத்தவன் அப்படியே சரிந்திருக்கிறான். சத்தம் கேட்டு அம்மாவும், விடுமுறை என்று கூடக் கடலைக்காய் பறிக்க வந்த மகளும் காட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறார்கள். தோட்டத்துக்காரர் உடனே விளக்கை இறக்கிப் பார்த்திருக்கிறார். எரிந்திருக்கிறது. காற்று நன்றாகத்தான் இருக்கிறது, பையன் பட்டினியில் மயங்கியிருக்கிறான், முகத்தில் தண்ணீர் தெளித்தால் எழுந்துவிடுவான் என்று எல்லோரும் முடிவு செய்திருக்கிறார்கள். பூபதி கயிற்றில் கை வைத்திருக்கிறார்.

"எறங்காதீங்க, எறங்காதீங்கன்னு ரெண்டு வாட்டி சொல்லுச்சுங்க. நான் காதுல வாங்கலீங்க. திடீர்னு எம் நெஞ்சுல கைய வெச்சுத் தள்ளிப்போட்டு, கவுத்தை மடமடன்னு மேல இழுத்து அது மேல உக்காந்துகிச்சுங்க."

தோட்டத்துக்காரர் மகனின் நெஞ்சில் ஒரு காலனிப் பெண் கை வைத்துத் தள்ளுவது இந்தப் பக்கத்தில் என்ன காரியம் என்று வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குப் புரியாது. நம்ம ஊர்க்காரர்களே, உங்களுக்குப் புரியும். பூபதிக்கு ரத்தம் கொதித்திருக்கிறது. அவரே ஒளிக்காமல் சொன்னார். மாட்டுக் கொட்டகைக்கு ஓடி, தும்புக் கயிறுகளை அவிழ்த்து ஒன்றோடொன்று முடிச்சுப் போட ஆரம்பித்திருக்கிறார். அதற்குள் கௌசல்யாவை அவள் அம்மா போட்டு அடித்திருக்கிறார், முடியைப் பிடித்து இழுத்திருக்கிறார், கடலைக்காய்க் கூடையால் முகத்தில் அறைந்திருக்கிறார். அந்தப் பெண் ஒரு கையால் தூணைக் கட்டிக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்து என்னிடம் பேசியிருக்கிறாள்.

பேசி முடித்ததும் பூபதியைப் பார்த்து, "சின்னவருங்க, அந்தத் தூத்தற ஃபேனைக் கொண்டாந்துட்டீங்கன்னா எங்கண்ணன் பொழச்சாலும் பொழச்சுக்குவானுங்க" என்றிருக்கிறாள். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கயிற்றை அப்படியே போட்டுவிட்டு அவர் ஃபேனை இழுக்க ஓடியிருக்கிறார். ஏன் ஓடினீர்கள் என்று கேட்டேன். "என்னமோ செய்யணுமுன்னு கை துடிச்சுதுங்க. அது ஒரு வேலை சொல்லுச்சு, செஞ்சேன்" என்றார்.

இதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கிணற்றில் குதிக்கத் துடிப்பவனை நிறுத்த வேண்டுமா, அவன் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். இறங்காதே என்று மட்டும் சொன்னால் உங்களையும் தள்ளிவிட்டு இறங்குவான். நான் இத்தனை வருஷத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை அவள் உதட்டில் ரத்தம் வழிய ஒரு காலையில் செய்துவிட்டாள். அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் பூபதி, அவர் சித்தப்பா, வேலைக்கு வந்த இன்னும் இரண்டு பேர் இறங்கத் தயாராக நின்றிருந்தார்கள். எல்லோரும் இன்று வீட்டில் இருக்கிறார்கள்.

மணி சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பேச்சு குழறியது, பிறகு தெளிந்தது. நான் பார்க்கப் போனபோது அம்மா கட்டிலுக்கு இந்தப் பக்கம், மகள் கதவுக்கு வெளியே. தாயும் மகளும் முகம் பார்க்கவில்லை. நான் அந்த அம்மாவிடம், உங்கள் மகளால்தான் உங்கள் மகன் பிழைத்தான் என்று சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். டாக்டரும் அதையேதான் சொன்னார், நீங்கள் சொல்வதெல்லாம் சரிதான் என்றார். "ஆனாலும் சாமி, உள்ள கெடக்கறது எம் பையன். கவுத்தை இழுத்தது எம் புள்ள. நான் ரெண்டையும் பெத்தவளுங்க." வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டீர்களே, தன்னார்வலராக வருவதில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது என்று. சான்றிதழ் கிடைக்கிறது, சட்டை கிடைக்கிறது, நாலு பேரோடு பழகக் கிடைக்கிறது. வீட்டில் வாயே திறக்காத பெண் ஊர் நடுவில் நின்று பேசப் பழகுகிறாள். இதெல்லாம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் கண்டது வேறு. முன்பின் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு ஞாயிறும் கட்டுப்போட்டு, தூக்கிப் பழகி, கூட்டத்தை விலக்கிப் பழகிய ஒரு பெண்ணுக்கு, சொந்த அண்ணன் விழுந்த நேரத்தில் கை தானாக வேலை செய்தது. மனசு அழுதுகொண்டிருந்தாலும் கை வேலை செய்தது. சம்பளம் வாங்குகிற நமக்கு அது வருமா? எனக்கு வந்திருக்குமா? என் தம்பி உள்ளே கிடந்திருந்தால் நான் கயிற்றை இழுத்திருப்பேனா, இறங்கியிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை எட்டிப் பார்த்தேன். கௌசல்யா புதிய பிள்ளைகளுக்குக் கயிறு முடிச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குரல் அதே குரல்தான். "கொஞ்சம் இறுக்கிப் போடுங்க" என்கிறாள். முடிந்ததும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போலீஸ் செலக்சன் என்னாயிற்று என்று கேட்டேன். உயரம் பத்தவில்லை என்று சிரித்தாள். நெடுநாளாக என்னைக் குடைந்துகொண்டிருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். அண்ணன் பிழைத்துக்கொள்வான் என்ற தைரியத்தில்தானே கயிற்றை இழுத்தாய்?

"இல்லீங்க சார். செத்துட்டான்னு நெனச்சுத்தானுங்க இழுத்தேன். மத்தவங்களாவது இருக்கட்டுமுன்னு."

இதை மணியிடம் சொன்னாயா என்றேன்.

"சொல்லிட்டனுங்க. சரி, அந்த டிவி ரிமோட்டை எடுன்னானுங்க."

அம்மா எப்படி இருக்கிறார் என்றேன்.

"அம்மா இன்னும் எங்கூட சரியாப் பேசறதில்லீங்க" என்று முடிச்சுக் கயிற்றை மடித்துக்கொண்டே சொன்னாள். "ஆனா ஞாயித்துக்கெழம இங்க வாரன்னா, நான் எந்திரிக்கறதுக்கு முன்னாலயே எந்திரிச்சு சோறு கட்டி வெச்சர்றாங்க."